வெட்டிப் பேச்சு என்று விரட்டாதீர்கள்!

நண்பர்கள் நாலு பேர் கூடினால் என்ன பேசுவார்கள்?

பார்த்த படத்தைப் பற்றிப் பேசுவார்கள். கேட்ட பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். "கடலுக்குள் இருந்து ஒரு ராட்சத மிருகம் வந்ததே, பார்த்தாயா?" என்பான் ஒருவன். "அது பொம்மையா, மனிதன் வேஷம் போட்டு வந்தானா?" என்பான் இன்னொருவன். டெலிவிஷனில் வந்த வேற்றுக் கிரகத்து ஆளைப் பற்றி மூன்றாமவன் தொடங்குவான். நேரம் போவதே தெரியாது.

பெரியவர்களுக்குக் கோபம் வரும். "பூதமும் பாட்டும் சோறு போடுமா? போய் வேலையைப் பார்!" என்று விரட்டுவார்கள்.

அப்படி விரட்டுவது சரியா?

சரியல்ல என்பது என் கருத்து. வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. அமெரிக்காவிலும், ஜப்பானிலும், இங்கிலாந்திலும் நடந்த உண்மைச் சம்பவங்களை வைத்துச் சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

குரங்கைப் பார்த்த சிறுவன்

1933-ம் ஆண்டு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். "கிங் காங்" என்ற படம் திரைக்கு வந்தது. மலை போன்ற ஒரு குரங்கு, நியூயார்க் நகரத்தின் மிக உயரமான கட்டிடத்தில் ஏறி நின்று, விமானங்களோடு சண்டை போடும் கதை.

அந்தப் படத்தை 13 வயதுச் சிறுவன் ஒருவன் பார்த்தான். அவன் பெயர் ரே ஹாரிஹவுசன். படம் முடிந்தும் அவனை ஒரு கேள்வி விடவில்லை. "இதை எப்படி எடுத்தார்கள்?"

விடை என்ன தெரியுமா? திரையில் மலை போலத் தெரிந்த குரங்கு, உண்மையில் ஒன்றரை அடிப் பொம்மை! உள்ளே இரும்பு மூட்டுகள். மேலே ரப்பரும், ரோமமும். பொம்மையின் கையை இம்மியளவு நகர்த்துவார்கள். ஒரு படம் பிடிப்பார்கள். மறுபடியும் நகர்த்துவார்கள். மறுபடியும் ஒரு படம். இப்படி 24 படங்கள் எடுத்தால், திரையில் ஒரே ஒரு விநாடி ஓடும். பொம்மைக்கு உயிர் வந்தது போல் இருக்கும்.

சில ஆண்டுகள் சென்றன. "கிங் காங்" மறுபடியும் திரையிடப்பட்டது. தியேட்டரில் அந்தப் படத்தின் போட்டோக்களை மாட்டி இருந்தார்கள். ஹாரிஹவுசனுக்கு அவற்றின் மீது ஆசை. "இவை யாருடையவை?" என்று விசாரித்தான். பாரஸ்ட் ஆக்கர்மேன் என்ற வாலிபருக்குச் சொந்தம் என்று தெரிந்தது. அவர் விஞ்ஞானக் கதைப் பிரியர். கிடைத்த புத்தகம், போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வைப்பவர். அவரைத் தேடிப் போனான். அவர் போட்டோக்களைத் தந்தார். கூடவே தன் நண்பர் கூட்டத்துக்கும் அழைத்துப் போனார்.

அந்தக் கூட்டம் ஒரு சாப்பாட்டு விடுதியில் கூடும். அங்கே இன்னொரு வாலிபன் வருவான். தெருமுனையில் நின்று பத்திரிகை விற்பவன். கல்லூரியில் படிக்க வசதி இல்லாதவன். அவன் பெயர் ரே பிராட்பரி.

மூவரும் நண்பர்கள் ஆனார்கள். ராட்சதப் பல்லி, ராக்கெட், செவ்வாய்க் கிரகம். இவைதான் பேச்சு. பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? "வெட்டிப் பையன்கள்" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அந்த வெட்டிப் பையன்கள் என்ன ஆனார்கள்?

பத்திரிகை விற்ற பிராட்பரி, உலகம் அறிந்த எழுத்தாளர் ஆனார். 2012-ம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி நிலையத்தார் செவ்வாய்க் கிரகத்தில் ஓர் ஆராய்ச்சி வண்டியை இறக்கினார்கள். அது இறங்கிய இடத்துக்குப் பிராட்பரியின் பெயரைச் சூட்டினார்கள்! பேசிப் பேசிப் பொழுது போக்கிய அதே செவ்வாய்க் கிரகத்தில் அவர் பெயர் நிலைத்துவிட்டது.

ஹாரிஹவுசன், பொம்மைகளுக்கு உயிர் கொடுக்கும் கலையில் தலைசிறந்தவர் ஆனார். 1992-ம் ஆண்டில் அவருக்கு ஆஸ்கார் சிறப்பு விருது கிடைத்தது.

ஆக்கர்மேன், 1958-ம் ஆண்டு முதல் ராட்சத மிருகப் படங்களுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். அதைப் படித்து வளர்ந்த சிறுவர்களில் இருவர், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற டைரக்டர் ஸ்டீவன் ஸ்பீல்பர்க்கும், எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கும்.

மூவரும் சாகும் வரை நண்பர்களாகவே இருந்தார்கள். பொம்மைக் குரங்கு சேர்த்து வைத்த நட்பு அது!

மிருகம் சொன்ன செய்தி

1953-ம் ஆண்டில் ஒரு படம் வந்தது. பிராட்பரி எழுதிய கதையை வைத்துப் பிறந்த படம். அதில் வரும் கடல் மிருகத்தை ஆட்டி வைத்தவர் ஹாரிஹவுசன். அணுகுண்டு சோதனையின் சூட்டில், பனிக்கட்டிக்குள் உறங்கிய மிருகம் விழித்து எழுகிறது. நகரத்துக்குள் புகுந்து நாசம் செய்கிறது.

அந்தப் படத்தின் பாதிப்பு ஜப்பான் வரை போயிற்று. அங்கே மறு ஆண்டில் பிறந்ததுதான் "காட்ஜில்லா".

"ஊரை மிதிக்கும் பல்லிக் கதைதானே?" என்று நினைக்காதீர்கள். அதற்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதை இருக்கிறது.

1954-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி, பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதனை செய்தது. தொலைவில் ஜப்பான் நாட்டு மீன்பிடிப் படகு ஒன்று நின்றது. அதில் 23 மீனவர்கள். மேற்கே சூரியன் உதித்தது போல் ஒரு வெளிச்சம் தெரிந்தது. பிறகு வானத்தில் இருந்து வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியது. அது நச்சுச் சாம்பல்! மீனவர்கள் நோயில் விழுந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்தார்.

ஜப்பான் மக்களுக்கு ஹிரோஷிமா, நாகசாகி நினைவு ஆறவில்லை. அதற்குள் இது. நாடே கொதித்தது.

அதே ஆண்டு நவம்பர் 3-ந் தேதி "காட்ஜில்லா" திரைக்கு வந்தது. டைரக்டர் இஷிரோ ஹோண்டா. அவர் போரில் இருந்து ஊர் திரும்பும்போது, இடிந்து கிடந்த ஹிரோஷிமாவைக் கண்ணால் பார்த்தவர். படத்தின் தொடக்கமே என்ன? கடலில் ஒரு கப்பல். திடீர் வெளிச்சம். கப்பல் எரிகிறது. பார்த்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. காட்ஜில்லா வெறும் மிருகம் அல்ல. அதுதான் குண்டு!

ஆனால் 1956-ம் ஆண்டில் அமெரிக்காவில் அந்தப் படத்தை வெட்டி ஒட்டி, அமெரிக்க நடிகர் ஒருவரைச் சேர்த்து வெளியிட்டார்கள். குண்டைப் பற்றிய பேச்சில் பெரும் பகுதி போயிற்று. மிருகம் மட்டும் மிஞ்சியது! வெட்டாத படம் அமெரிக்கத் தியேட்டர்களில் பரவலாக ஓடியது 2004-ம் ஆண்டில்தான். 50 ஆண்டுகள் ஆயிற்று!

இதில் இருந்து என்ன தெரிகிறது? ஒரு பூதப் படத்தைத் தனியாகப் பார்ப்பவன் பயப்படுவான். அவ்வளவுதான். நாலு பேரோடு பேசுபவனுக்குத்தான் "இந்தப் பூதம் எங்கிருந்து வந்தது? எதைக் கண்டு பயந்து இதைப் படைத்தார்கள்?" என்ற கேள்வி பிறக்கும். கேள்வி பிறந்தால் அறிவு பிறக்கும்.

பஸ்ஸில் தொடங்கிய பாட்டு

இனி, பாட்டுக்கு வருவோம்.

இங்கிலாந்தில் லிவர்பூல் துறைமுகப் பட்டணம். 1957-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, மாதா கோவில் திருவிழா ஒன்றில் ஒரு பையன் தன் சிநேகிதர்களோடு பாடினான். அவன் பெயர் ஜான் லெனன். வயது 16. இன்னொரு பையனை அங்கே நண்பன் ஒருவன் அழைத்து வந்து அவனுக்கு அறிமுகம் செய்து வைத்தான். அவன் பெயர் பால் மெக்கார்ட்னி. வயது 15. பாட்டுப் பேச்சு இருவரையும் கட்டிப் போட்டது.

மெக்கார்ட்னிக்குப் பள்ளிக்கூட பஸ்ஸில் இன்னொரு நண்பன் உண்டு. ஜார்ஜ் ஹாரிசன். பஸ்ஸில் ஏறினால் இருவருக்கும் கித்தார் பேச்சுதான். கித்தாரில் ஒரு குறிப்பிட்ட விரல் பிடி இவர்களுக்குத் தெரியவில்லை. ஊரின் மறு கோடியில் ஒருவருக்கு அது தெரியும் என்று கேள்விப்பட்டார்கள். பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார்கள்!

இந்தப் பையன்கள்தான் பிறகு "பீட்டில்ஸ்" என்ற பெயரில் உலகத்தையே ஆட்டி வைத்தார்கள். "இந்த மோகம் ஆறு மாதத்தில் அடங்கிவிடும்" என்று சொன்னவர்கள் பலர். 60 ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்னும் அடங்கவில்லை.

அழித்தவர்களும், காத்தவர்களும்

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இனிமேல்தான் வருகிறது.

1963-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி, லண்டன் பி.பி.சி. டெலிவிஷனில் "டாக்டர் ஹூ" என்ற தொடர்கதை தொடங்கியது. அந்த டாக்டர் ஊசி போடும் டாக்டர் அல்ல. வேறு உலகத்தில் இருந்து வந்தவர். நீல நிறப் பெட்டி ஒன்றில் ஏறிக் கொண்டு, நேற்றைக்கும் போவார், நாளைக்கும் போவார். பெட்டி வெளியில் சிறியது. உள்ளே பெரியது! அந்தத் தொடரின் முதல் கதையை டைரக்ட் செய்தவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன் என்ற இளைஞர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

தொடரின் முகப்பு இசையும் புதுமை. அதற்கு மெட்டு அமைத்தவர் ரான் கிரெய்னர். மெட்டை ஒலியாக்கியவர் டெலியா டெர்பிஷைர் என்ற பெண்மணி. கணக்கும் இசையும் படித்தவர். "பெண்களுக்கு இங்கே வேலை இல்லை" என்று ஓர் இசைத்தட்டுக் கம்பெனி திருப்பி அனுப்பியது. அவர் பி.பி.சி.யில் சேர்ந்தார். வாத்தியக் குழு இல்லாமல், மின்சாரக் கருவியில் எழும் ஓசைகளையும், மீட்டிய ஒரு கம்பியின் ஓசையையும் நாடாவில் பிடித்தார். ஒவ்வொரு சுரத்துக்கும் நாடாவை வெட்டி, ஒட்டி, அந்த இசையை உண்டாக்கினார். மெட்டு அமைத்தவரே, "இது நான் எழுதியதா?" என்று அசந்து போனாராம்! ஆனால் திரையில் டெலியாவின் பெயர் வரவில்லை. அது வந்தது 2013-ம் ஆண்டில். அவர் இறந்து 12 ஆண்டுகள் ஆன பிறகு.

குழந்தைகள் அந்தத் தொடரை விழுந்து விழுந்து பார்த்தார்கள். பயம் வந்தால் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து கொண்டு பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் அதே பேச்சு.

ஆனால் பி.பி.சி. என்ன செய்தது தெரியுமா? தன் கையாலேயே அந்தத் தொடரை அழித்தது!

அந்தக் காலத்தில் படம் பதியும் நாடாவின் விலை அதிகம். ஒரு முறை காட்டிய நிகழ்ச்சியை அழித்துவிட்டு, அதே நாடாவில் வேறு நிகழ்ச்சியைப் பதிவார்கள். பழைய நிகழ்ச்சிகளைத் திரும்பத் திரும்பக் காட்ட நடிகர்களின் ஒப்பந்தமும் இடம் தரவில்லை. பிறகு வண்ண டெலிவிஷன் வந்தது. "கறுப்பு வெள்ளையை இனி யார் பார்ப்பார்கள்?" என்று பிலிம் பிரதிகளையும் ஒழித்தார்கள். முதல் ஆறு ஆண்டுகளில் வந்தவை மொத்தம் 253 பாகங்கள். அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை மாயமாய் மறைந்தன.

சரி, அத்தனையும் போயே போய்விட்டனவா?

இல்லை! ஒலி மட்டும் பிழைத்தது. ஒரு பாகம் கூட விடாமல் பிழைத்தது!

எப்படி? வீட்டில் டெலிவிஷன் முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து, மைக்கைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்த ரசிகர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் சிறு பையன்கள். அந்தப் பையன்களை எத்தனை பேர் "பைத்தியம்" என்று சொல்லி இருப்பார்கள்! ஆனால் பெரிய நிறுவனம் குப்பை என்று வீசியதை, அந்தப் பைத்தியங்கள் பொக்கிஷமாக வைத்திருந்தார்கள்.

பிறகு ரசிகர்கள் ஒருவருக்கு ஒருவர் பேசிக் கொண்டார்கள். எழுதிக் கொண்டார்கள். "உன்னிடம் எது இருக்கிறது? என்னிடம் இது இருக்கிறது" என்று கணக்கு எடுத்தார்கள். வெளிநாட்டு டெலிவிஷன் நிலையங்களுக்குப் போன பிரதிகளைத் தேடினார்கள். 1992-ம் ஆண்டில் ஹாங்காங்கில் கிடைத்த ஒரு முழுக் கதை லண்டனுக்குத் திரும்பியது. 2013-ம் ஆண்டில், ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டில் 9 பாகங்கள் கிடைத்த செய்தி வெளியாயிற்று. அவை அங்கே தூசு படிந்து கிடந்தன. அதற்குப் பிறகும் 97 பாகங்கள் பாக்கி இருந்தன.

2016-ம் ஆண்டில் இன்னோர் அதிசயம். 1966-ம் ஆண்டில் வந்த ஒரு கதையில் ஆறு பாகங்களும் அழிந்து போயிருந்தன. ரசிகர்கள் பிடித்து வைத்த ஒலியை எடுத்து, அதற்கு ஏற்பக் கார்ட்டூன் படம் வரைந்து, கதையை மறுபடியும் வெளியிட்டார்கள். வெளியிட்டது யார்? அழித்த அதே பி.பி.சி.தான்!

பீட்டில்ஸ் பிழைத்த கதை

இன்னும் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள்.

1965-ம் ஆண்டு மே மாதத்தில் வந்த "டாக்டர் ஹூ" கதை ஒன்றில், டாக்டர் ஓர் அதிசயப் பெட்டியைத் திருகிக் கடந்த காலத்தைப் பார்க்கிறார். அதில் பீட்டில்ஸ் பாடுவது தெரிகிறது. டாக்டரோடு எதிர்காலத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் ஆச்சரியப்படுகிறாள். லிவர்பூலில் இவர்களுடைய ஞாபகார்த்த மண்டபத்துக்கு அவள் போயிருக்கிறாளாம். ஆனால் இவர்கள் பாடியது சாஸ்திரீய சங்கீதம் என்று அவளுக்குத் தெரியாதாம்!

அப்போது அது வெறும் நகைச்சுவை. பிறகு என்ன ஆயிற்று? பீட்டில்ஸ் பாடிய அந்தப் பாட்டு நிகழ்ச்சியையும் பி.பி.சி. அழித்துவிட்டது. விஞ்ஞானக் கதைக்குள் நுழைத்த சில விநாடித் துண்டு மட்டும் மிஞ்சியது. உலகப் புகழ் பெற்ற பாடகர்களின் பாட்டுக்கு, குழந்தைகளின் பூதக் கதை அடைக்கலம் கொடுத்துவிட்டது!

எது குப்பை, எது பொக்கிஷம் என்று அன்றைக்கே யாரால் சொல்ல முடியும்?

தபாலில் வந்த வெற்றி

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. 1966-ம் ஆண்டில் "ஸ்டார் டிரெக்" என்ற விண்வெளித் தொடர் வந்தது. "எண்டர்பிரைஸ்" என்ற விண்கப்பலில் ஒரு கறுப்பினப் பெண் அதிகாரி. ஜப்பானிய வம்சத்து அதிகாரி ஒருவர். பிறகு ஒரு ரஷ்யர். அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக் கொண்டிருந்த காலம் அது!

இரண்டாவது ஆண்டு முடிவதற்குள், தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. "பேசினால் போதாது, எழுதுவோம்" என்றார்கள். மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் குவிந்தன. "தொடர் மீண்டும் வரும்" என்று டெலிவிஷன் கம்பெனியே 1968-ம் ஆண்டில் அறிவித்தது. மறு ஆண்டு தொடர் நின்று போனது உண்மைதான். ஆனால் அதற்குள் 79 பாகங்கள் சேர்ந்துவிட்டன. ஊர் ஊராக அவற்றை மறு ஒளிபரப்புச் செய்தார்கள். புகழ் பெருகியது.

1976-ம் ஆண்டில் அமெரிக்கா தன் முதல் விண்வெளி ஓடத்தைக் கட்டியது. ரசிகர்கள் மறுபடியும் ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள். ஓடத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? "எண்டர்பிரைஸ்"! கதையில் வந்த கப்பலின் பெயர், நிஜ ஓடத்துக்கு வந்துவிட்டது.

மறுப்புக்குப் பதில்

"எல்லாப் பையன்களுமா ஹாரிஹவுசன் ஆகிறார்கள்? எல்லாரும் பீட்டில்ஸ் ஆகிறார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஆவதில்லைதான். பாடத்தை விட்டுவிட்டு இரவு பகலாகப் படமும் பாட்டுமாகக் கிடந்தால் கேடுதான். "என் ஹீரோ பெரியவனா, உன் ஹீரோ பெரியவனா?" என்று சண்டை போட்டுச் சட்டையைக் கிழித்துக் கொள்வதும் கேடுதான். அதை யாரும் ஆதரிக்க முடியாது.

ஆனால் டேப் ரிக்கார்டர் வைத்திருந்த அந்தப் பையன்களைப் பாருங்கள். அவர்களில் எத்தனையோ பேர் பேரும் புகழும் பெறவில்லை. இருந்தாலும் ஒரு நாட்டின் நினைவைக் காப்பாற்றினார்கள். அதுவும் ஒரு தொண்டு அல்லவா?

பேச்சில் இரண்டு வகை உண்டு. பார்த்தேன், கேட்டேன், மறந்தேன் என்று போவது ஒரு வகை. "எப்படிச் செய்தார்கள்? ஏன் செய்தார்கள்? நாம் என்ன செய்யலாம்?" என்று போவது இன்னொரு வகை. முதல் வகைப் பேச்சை இரண்டாவது வகைக்குத் திருப்பி விடுவதுதான் பெரியவர்களின் வேலை. விரட்டினால் இரண்டு வகையும் போய்விடும்.

இன்றைக்கு ஆபத்து வேறு பக்கத்தில் இருந்து வருகிறது. வீட்டில் ஆளுக்கு ஒரு கைபேசி. ஆளுக்கு ஒரு படம். ஆளுக்கு ஒரு மூலை. பார்ப்பது பெருகிவிட்டது. பார்த்ததைக் கூடிப் பேசுவது குறைந்துவிட்டது. பேச ஆள் இல்லாத பிள்ளைக்குப் பூதம் வெறும் பூதம்தான். பாட்டு வெறும் சத்தம்தான்.

ஆகையால் பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ நண்பர்களைக் கூட்டி வைத்து, பூதப் படத்தைப் பற்றிப் பேசினால் முகத்தைச் சுளிக்காதீர்கள். நீங்களும் பக்கத்தில் போய் உட்காருங்கள். "அந்தப் பூதத்தை எப்படியப்பா செய்தார்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குப் பிடித்ததைப் பேசுங்கள். பேசுவதோடு நின்று விடாதீர்கள். பிடித்ததை எழுதி வையுங்கள். சேர்த்து வையுங்கள். நீங்களே ஒன்றைச் செய்து பாருங்கள்.

பெரிய நிறுவனங்கள் கூடத் தங்கள் பொருளைத் தூக்கி எறிந்துவிடும். ஆசையோடு வைத்திருக்கும் நாலு நண்பர்கள் எறிய மாட்டார்கள்!